முதுகில் ஒட்டும் வெள்ளை

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். மதிய உணவு வரிசையில் நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பின்னாலிருந்து பார்த்தேன். பாதிப்பேரின் சீருடையில் முதுகு முழுக்க வெள்ளை. கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் சாய்ந்தவர் முதுகிலெல்லாம் சுவர் ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், “எங்க வீட்டுச் சுவத்துல சாஞ்சா ஒட்டாது டீச்சர். எங்கப்பா அடிச்சது” என்றான். அவன் அப்பா வெள்ளையடிக்கும் தொழிலாளி. அதே சுண்ணாம்பு, அதே ஊர். ஒரு சுவர் ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டவில்லை. ஏன்?

வேதிவினைகள் பாடம் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது என்று, அன்று நடத்த வேண்டியதை ஒதுக்கிவிட்டு, எல்லோரையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: “சுவரில் அடித்த சுண்ணாம்பு எப்படிக் கெட்டியாகிறது?” 32 பேரில் 28 பேர் எழுதியது ஒன்றுதான்: தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு சுவரில் தங்கிவிடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடித்த ஈரத்தில் சுவர் மங்கலாகத் தெரிகிறது. காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கிறது. கண் பார்ப்பது காய்வதை மட்டுமே. இத்தனைக்கும் சுண்ணாம்பின் மூன்று சமன்பாடுகளையும் கரும்பலகையில் பிழையில்லாமல் எழுதக்கூடிய பிள்ளைகள் அவர்களில் பலர் உண்டு. சமன்பாடு நோட்டில் இருக்கிறது, சுவர் வெளியே இருக்கிறது. இரண்டும் சந்திக்கவில்லை.

மூன்று செங்கற்கள்

மூன்று செங்கல் எடுத்துக்கொண்டோம். கடையில் வாங்கிய நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் பால் போலக் கரைத்து, துணியில் வடிகட்டி, பூசும் வேலையை நானே செய்தேன். முதல் செங்கலை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து எடுத்து, மெல்லிய பூச்சு கொடுத்து, நிழலான தாழ்வாரத்தில் வைத்தோம். காலையும் மாலையும் அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்க ஒரு குழு. இரண்டாவது செங்கலை நனைக்கவே இல்லை. பூசியதும் நேராக வெயிலில். மூன்றாவதை ஊறவைத்துப் பூசி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக்கிக் கட்டிவிட்டோம்.

எது முதலில் கெட்டியாகும் என்று கேட்டதற்கு ஏறக்குறைய எல்லோரும் வெயில் செங்கலைத்தான் காட்டினார்கள். பந்தயம்கூட நடந்தது என்று பிறகு தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கறுப்புத் துணியால் மூன்றையும் தேய்த்தோம். வெயிலில் வைத்தது மாவாக உதிர்ந்து துணி வெளுத்தது. பையில் கிடந்தது அன்று பூசியதுபோலவே ஈரமாக, விரலோடு வழித்து வந்தது. நிழலில் தண்ணீர் குடித்த செங்கலில்தான் பூச்சு பிடித்து நின்றது.

அடுத்து மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகும் என்பது நம் பிள்ளைகளுக்கு நிறங்காட்டி என்ற சொல் தெரியும் முன்பே தெரியும். மஞ்சள்தூள் கரைசலை மூன்று செங்கலிலும் ஒரு சொட்டு விட்டோம். பையிலிருந்த செங்கலில் குங்குமச் சிவப்பு. வெயில் செங்கலிலும் சிவப்பு. நிழல் செங்கலில் மஞ்சள் பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசான செம்மை. ஆய்வகத்தில் பினாப்தலீன் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்பு தோன்றினால் அங்கே இன்னும் காரம் இருக்கிறது என்று பொருள்.

அதாவது நிழல் செங்கலின் மேற்பரப்பில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு இப்போது கால்சியம் ஹைட்ராக்சைடு இல்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிட்டது. இந்த வினை நடக்க ஈரம் வேண்டும். கார்பன் டைஆக்சைடு முதலில் தண்ணீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு வினைபுரியும். வெயிலில் வைத்த செங்கலில் காற்று இருந்தது, ஈரம் போய்விட்டது. பைக்குள் ஈரம் இருந்தது, காற்று இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் மட்டும் கல் பிறந்தது.

“அப்ப எங்க ஆயா சுண்ணாம்பு டப்பாவுல மேலே ஏடு கட்டுறதும் இதானா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதேதான். காற்று படும் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய ஏடாகக் கல் கட்டுகிறது. அடியில் நீருக்குள் இருக்கும் சுண்ணாம்பு வெண்ணெய் போலவே கிடக்கிறது. நான் யோசித்திராத எடுத்துக்காட்டு. இப்போது எல்லா வகுப்பிலும் அதைத்தான் சொல்கிறேன்.

கணக்கு

சூளையில் 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறி 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கடற்கரைப் பகுதிகளில் கல்லுக்குப் பதில் கிளிஞ்சலைச் சுடுவார்கள். அதுவும் கால்சியம் கார்பனேட்தான். அந்த 56 கிராமோடு 18 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் அது 44 கிராம் கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு, மீண்டும் 100 கிராம் கல்லாகிறது.

“காய்ந்தால் எடை குறையும்தானே, இங்கே 74 எப்படி 100 ஆயிற்று?” என்று கேட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். ‘ஆவியாதல்’ என்ற விடை தானாக உடைந்துவிடும். கூடுதலான எடை வகுப்பறைக் காற்றிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்போது பிள்ளைகள் சுவரைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது. சூளையில் போன 44 கிராம் சுவருக்குத் திரும்பி வருவதால் சுண்ணாம்பு காற்றை மாசுபடுத்தாது என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். சூளையில் எரித்த விறகும் கரியும் விட்ட புகை திரும்பி வருவதில்லை. அதையும் சேர்த்தே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

தொழில் தெரிந்தவர் சொன்னது

அந்த மாணவனின் அப்பாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தோம். கூச்சத்தோடு வந்தவர், செங்கற்களைப் பார்த்ததும் தயக்கம் தெளிந்து பேச ஆரம்பித்தார்.

“வெயில்ல அடிக்கவே கூடாதுங்க டீச்சரம்மா. சுவரு மொதல்ல தண்ணி குடிச்சிருக்கணும். கெட்டியா ஒரு வாட்டி அடிச்சா வேலை சீக்கிரம் முடியும், ஆனா உரியும். தண்ணியா மூணு வாட்டி அடிக்கணும்.”

அவர் சொன்ன பக்குவம் இது. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர். நீற்றிய பிறகு ஒரு நாளாவது அப்படியே விட்டு, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பிடிப்புக்குக் கொஞ்சம் பசை, வெண்மை தூக்கலாகத் தெரியக் கொஞ்சம் நீலம். முதல் பூச்சு மேலிருந்து கீழாக, அடுத்தது குறுக்காக. ஒன்று காய்ந்த பின்பே அடுத்தது. மெல்லிய பூச்சில் காற்று உள்வரை நுழையும், தடித்த பூச்சில் மேலே மட்டும் கல்லாகி உள்ளே மாவாகவே நிற்கும் என்பது நம் பாடத்தின் விளக்கம். அவர் அதைக் கையால் அறிந்திருக்கிறார்.

பிளாஸ்டிக் பெயின்டோ எனாமலோ அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்றும் சொன்னார். அங்கே சுவர் தண்ணீர் குடிக்காது. தலைகீழாகச் செய்தாலும் சிக்கல்தான். எங்கள் ஓட்டுக் கட்டடத்தின் ஓர் அறையில், சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சில ஆண்டுகளுக்கு முன் யாரோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் அப்பளம்போலப் பொரிந்து விழுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்புதான் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். மழைச் சாரல் நேராக அடிக்கும் சுவரில் அது சீக்கிரம் கரைந்து போகும், அடிக்கடி திரும்ப அடிக்க வேண்டும். பழைய காரைச் சுவருக்கு அது பொருத்தமானது, அவ்வளவே.

நிறம் பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பல சாய நிறங்கள் தாங்காமல் வெளுத்துவிடும். கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக இருப்பது நினைவுக்கு வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களும் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவையே. சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் இதைத் தனி வகுப்பாகவே நடத்தலாம்.

நான் செய்த தவறு

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு வெப்ப உமிழ் வினையைச் செய்து காட்டியிருந்தேன். சட்டி கொதித்தது, ஆவி பறந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல வகுப்பு என்று நானும் மகிழ்ந்தேன். அடுத்த வாரத் தேர்வில், “கண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்ன செய்வாய்?” என்று ஒரு கேள்வி வைத்தேன். ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “தண்ணீர் படக்கூடாது. பட்டால் கண்ணுக்குள் கொதிக்கும். நல்லெண்ணெய் விட வேண்டும்.” இன்னொருத்தி, “சுண்ணாம்பு காரம், எனவே எலுமிச்சைச் சாறு விட்டால் நடுநிலையாகும்” என்று எழுதியிருந்தாள். இருவரும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள். நான் நடத்தியதிலிருந்துதான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். விடைத்தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். கண்ணில் பட்டால் கருவிழி வெந்து, பார்வையே போகலாம். வெற்றிலைக்கும் புகையிலைக்கும் விற்கும் சிறு சுண்ணாம்புப் பொட்டலங்களைக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்தி, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டில் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர்!

ஆகவே அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் கரைத்து வைத்திருப்பது ஏற்கெனவே நீற்றியது. அதில் தண்ணீர் பட்டால் மேலும் கொதிக்காது. உடனே, ஒரு நொடியும் தாமதிக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். இமைக்குள் துகள் ஒட்டியிருந்தால் தண்ணீரோடு அதையும் வெளியேற்ற வேண்டும். எண்ணெய், எலுமிச்சை, தாய்ப்பால் எதுவும் விடக்கூடாது. கழுவிய பின் வலி குறைந்தாலும் கண் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். நீற்றாத சுட்ட சுண்ணாம்புத் தூள் தோலில் பட்டால், உலர்ந்த துணியால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் விட வேண்டும். கண்ணில் பட்டது எதுவானாலும் தண்ணீர்தான், நிறையத் தண்ணீர்.

செய்முறையையும் மாற்றிக்கொண்டேன். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம், கணக்குப்படி 3 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதனால் புளியங்கொட்டை அளவுத் துண்டு ஒன்றே போதும். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். மூடி போடக்கூடாது. ஆசிரியர் கண்ணாடி அணிய வேண்டும், பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். மாணவர் கையில் சுட்ட சுண்ணாம்பை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

பொங்கல் விடுமுறையில் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடு அந்த மாணவனின் அப்பாவே எங்கள் வகுப்பறைச் சுவரைச் சுரண்டி, நனைத்து, மூன்று முறை அடித்துக் கொடுத்தார். உரிய கூலி கொடுத்தோம். விடுமுறை முடியும்வரை காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தவரும் அவரே. பிள்ளைகள் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் பார்த்ததுதான்.

“சிமெண்டும் இப்படித்தான் காத்தைக் குடிச்சுக் கெட்டியாகுதா டீச்சர்?” என்று கேட்டான் அந்தக் கடைசி பெஞ்சு மாணவன். இல்லை, அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது, தண்ணீருக்குள்ளேயே கூட இறுகும் என்றேன். அவன் நம்பவில்லை. வரும் திங்கட்கிழமை ஒரு வாளித் தண்ணீருக்குள் ஒரு சிமெண்ட் உருண்டையையும் ஒரு சுண்ணாம்பு உருண்டையையும் போட்டு வைக்கப்போகிறோம்.