கரிசலில் மழையைப் பிடித்து வைக்க...

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரி வெள்ளாமைக்கு வடகிழக்குப் பருவமழைதான் மூலதனம். அது விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும். உரக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

● கோடை மழை ஒன்று கிடைத்ததுமே சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுங்கள். சரிவை ஒட்டி உழுதால் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகி, மேல்மண்ணைக் கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

● பருவமழைக்கு முன்பே 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் சிறு வரப்பு போட்டுப் பாத்தி கட்டுங்கள். ஒரே நாளில் கொட்டுகிற மழையும் அந்தந்தப் பாத்திக்குள் நின்று இறங்கும். கூலிக்குப் பயந்து பலரும் விட்டுவிடும் வேலை இது. வேறு செலவைக் குறைத்தாவது செய்யத் தகுந்தது.

● சோளத்தை மழைக்கு முன்பே விதைப்பவர்கள், லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். மேலாக விழுந்த விதை சிறு தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும்.

● நிலம் வெடிக்கத் தொடங்கினால் களையெடுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மேல்மண்ணைக் கிளறி வெடிப்பை மூடினால் ஈரம் தங்கும்.

● உரக் கணக்குக்காக மண் மாதிரி எடுக்கும்போது, மரத்தடியிலும் எருக்குழி அருகிலும் எடுக்காதீர்கள்.

அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதை வாங்குவதற்கு முன் மண் மாதிரியோடு ஒருமுறை அங்கே போய்க் கேளுங்கள்.