பின் ஆசனத்தில் நம் பிள்ளைகள்

திருவிழாவுக்கோ, வைத்தியசாலைக்கோ, உறவினர் வீட்டுக்கோ காரிலோ வானிலோ புறப்படும்போது பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுகின்றோம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்கின்றோம். தாயின் கையை விடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பது நமது நம்பிக்கை. அன்பைப் பொறுத்தவரை அது உண்மை. விபத்தைப் பொறுத்தவரை அது உண்மையன்று. இதன் காரணத்தையும், இக்காலக் கார்களில் பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகளையும், அவற்றில் நமக்குப் பயன்படக்கூடியவற்றையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

1. மடி ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் மரமொன்றில் மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகின்றது எனக் கொள்வோம். கார் நின்றாலும் உள்ளிருப்போர் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வர். அவர்களைத் தடுத்து நிறுத்த, உடல் நிறையைப்போல் சுமார் 20 மடங்கு விசை வேண்டும். 10 கிலோ குழந்தையை வைத்திருப்பவர் 200 கிலோவை, அதாவது நான்கு மூடை சீமெந்தை, கண்ணிமைக்கும் நேரத்தில் தாங்கவேண்டும். எந்தத் தாயாலும் இது இயலாது. தாயும் பட்டி அணியாதிருந்தால், அவருடைய உடலே குழந்தையை முன் ஆசனத்தோடு நசுக்கிவிடும்.

2. பிள்ளைக்கேற்ற ஆசனம்

இன்று நாம் காணும் மூன்று முனை ஆசனப் பட்டியை 1959இல் சுவீடனின் வொல்வோ நிறுவனப் பொறியியலாளர் நில்ஸ் பொலின் உருவாக்கினார். ஆனால் அது வளர்ந்தோரின் உடலுக்கு ஏற்றது. குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ மிக மெலிது. இதனை உணர்ந்த சுவீடன் பேராசிரியர் பேர்ட்டில் ஓல்ட்மன், விண்வெளி வீரர்களின் ஆசனத்தைப் பார்த்து, 1960களில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை அமைத்தார். மோதலின் தாக்கம் கழுத்தில் மட்டும் விழாமல் முதுகு முழுவதும் பரவுவதே இதன் பயன்.

2013இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. விதியின்படி அமைந்த ஆசனங்களில், 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே இருக்கவேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு உயர்த்தும் ஆசனம் உண்டு. பட்டி கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தாமல், தோளிலும் இடுப்பெலும்பிலும் பொருந்த அது உதவுகின்றது.

3. புதிய கருவிகள்

அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில், பின்னால் இருப்பவர் பட்டியைக் கழற்றினால் சாரதிக்கு மணி ஒலிக்கும். மோதிய கணத்தில் பட்டியை இறுக்கி, பின்னர் மார்பு நெரியாதபடி சற்று நெகிழவிடும் பொறிமுறை முன்பு பெரும்பாலும் முன் ஆசனங்களுக்கே இருந்தது. இப்போது பின் ஆசனங்களுக்கும் வருகின்றது.

வெப்பம் மற்றோர் ஆபத்து. வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் பத்தே நிமிடத்தில் வெப்பநிலை சுமார் 10 பாகை செல்சியஸ் உயரலாம். குழந்தையின் உடல் பெரியவரின் உடலை விட விரைவாகச் சூடேறும். அமெரிக்காவில் 1998 முதல் 1,000இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவ்வாறு இறந்துள்ளனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மறதியாக விடப்பட்டவர்கள். ஆகவே, பயணத்துக்கு முன் பின் கதவு திறக்கப்பட்டதை நினைவில் வைத்து, இயந்திரத்தை நிறுத்தியதும் எச்சரிக்கும் முறை 2016இல் அங்கு அறிமுகமானது. போர்வைக்குள் உறங்கும் குழந்தையின் மூச்சசைவைக்கூட அறியும் ராடர் கருவிகளும் இன்று வந்துள்ளன.

4. நாம் செய்யக்கூடியவை

இக்கருவிகள் நம்முடைய பழைய வாகனங்களில் இல்லாதிருக்கலாம். எனினும் பின்வருவன பெரும் செலவின்றி நம்மால் ஆகும்:

- வான் பேசும்போதே பின் ஆசனங்களில் பட்டி உண்டா, அது வேலை செய்கின்றதா எனக் கேட்போம். ஆசனத்துக்கடியில் புதைந்த பட்டியை வெளியே எடுப்போம்.
- ஒரே பட்டியை இருவருக்குக் கட்டவேண்டாம். மடிக் குழந்தையையும் சேர்த்துக் கட்டவேண்டாம்.
- பெரியோரும் பின்னால் பட்டி அணிவோம்.
- காற்றுப் பை உள்ள முன் ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை ஒருபோதும் வைக்கவேண்டாம். விரியும் பை குழந்தையைக் கொல்லக்கூடும்.
- பின் கதவிலுள்ள சிறுவர் பூட்டைப் போடுவோம்.
- கைப்பையையோ ஒரு செருப்பையோ பின் ஆசனத்தில் வைப்போம். அதை எடுக்கத் திரும்பும்போது பிள்ளையும் கண்ணில் படும்.
- குழந்தை ஆசனத்தை ஊரில் பல குடும்பங்கள் மாறி மாறிப் பயன்படுத்தலாம். விபத்தில் சிக்கிய ஆசனத்தை மட்டும் ஏற்கவேண்டாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கொடைகள். பட்டியைப் பூட்ட அரை நிமிடம் போதும்.

குழுவில் கலந்துரையாட:

1. நமது ஊரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களில் எத்தனைக்குப் பின் ஆசனப் பட்டி உண்டு?
2. பட்டி அணியாமைக்கு நாம் சொல்லும் காரணங்கள் எவை? அவை சரியானவையா?
3. மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ பொதுவில் ஒரு குழந்தை ஆசனத்தை வாங்கி வைக்க முடியுமா?