உறுப்புக்களும் உயிர்வாழ்வும்

தாவரமுஞ் சங்கமமுமாகிய உயிர்கள் தத்தம் உறுப்புக்களைக்கொண்டு உயிர்வாழுமாறு கீழ்வகுப்புப் பிள்ளைகட்குக் கற்பிக்கப்படுவதொன்று. யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து இப்பாடத்தை ஒட்டகத்தின் திமிலையும் வெண்கரடியின் மயிரையுங் கொண்டே கற்றோம். ஆசிரியராயின பின்னரும் அவற்றையே நெட்டுருப்பண்ணுவித்தோம். ஒருநாள் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பிள்ளையொருவன், "ஐயா, கண்ணாமரத்தைச் சுற்றிச் சேற்றிலே முளையடித்தாற்போல நிற்பவை யாவை?" என்று வினாவினான். நாடோறும் அதனருகே நடந்தும் விடையறியாது நாணினோம்.

அவை மூச்சுவேர்கள். கடனீரேரிச் சேற்றிலே பிராணவாயு மிகக் குறைவு. ஆதலால், நிலத்துள் ஓடும் வேரினின்றும் கிளைத்தவை மேனோக்கி எழுந்து, தம்மேலுள்ள நுண்டுளைகளாலே காற்றை வாங்கி உள்ளே செலுத்துகின்றன. உவர்நீரை உண்ணும் அம்மரம் உப்பை என்செய்யும்? பெரும்பகுதியை வேரே தடுக்கும். உட்புகுந்ததில் ஒரு பகுதியை இலைச்சுரப்பிகள் வெளிவிடும். கோடையில் அவ்விலையை நாநுனியால் தீண்டும் பிள்ளைக்கு இஃது உடனே விளங்கும். கண்டலோ, வித்தை மரத்திலேயே முளைக்கச்செய்து, நீண்ட நாற்றாய் வளர்ந்த பின்னரே கீழே விடும்.

மணற்கரையில் இராவணன்மீசையைக் காட்டுக. பந்துபோன்ற அதன் கதிர்த்தலை காற்றில் உருண்டோடி வித்தைப் பரப்பும். பூநாரை வருங்காலத்து அதனையுங் காட்டுக. நெடுங்காலால் நீரில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக வைத்து, நாவினால் நீரை இறைத்து, அலகின் ஓரத்துச் சீப்புப்போன்ற தகடுகளாலே சிற்றுயிர்களை வடித்துண்ணும்.

நெடுந்தீவிலுள்ள பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. பருத்த அடியில் நீரைச் சேமித்து, வறட்சியில் இலையுதிர்த்து நிற்கும். அத்தீவின் வெளியில் மேயுங் குதிரைகட்கோ அத்தகைய சேமிப்பில்லை; நீர்நிலைகள் வற்றின் அவை இடர்ப்படும். ஓருயிர்க்குரிய உறுப்பு அதற்கேற்ற இடத்திலேயே நன்கு உதவுமென்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஆசிரியர் ஒரு பிழையை விலக்கல்வேண்டும். "கண்ணா மூச்சுவிட விரும்பி வேரை மேலே அனுப்பிற்று" என்று கூறற்க. ஓரினத்துட் பிறப்பனவெல்லாம் ஒரு தன்மையன அல்ல. அவற்றுள் இடத்திற்கேற்ற வேறுபாடுடையன மிகுதியும் பிழைத்து வழிபெருக்க, அவ்வேறுபாடு பல தலைமுறைகளில் நிலைபெறும். சாள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இது.

பிள்ளைகளை நீர்வற்றிய வேளையிற் கரைக்கு அழைத்துச்சென்று மூன்று வினாக்கள் வினாவுக: உறுப்பு யாது? அதன் செயல் யாது? அஃதில்லையேல் என்னாம்? மூன்றாவதே தலையாயது. மூச்சுவேர்களைக் குப்பையும் மண்ணுமிட்டு மூடின் மரம் பட்டுப்போம். மரம் பட்டால், அதன் வேரிடையே ஒதுங்கி வளரும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் புகலிழக்கும். அவற்றை நம்பி வலைவீசும் தந்தையின் கை வெறுங்கையாகும். இதனைத் தானே கண்டுணர்ந்த பிள்ளை அச்சேற்றில் ஒரு கூடை குப்பையும் கொட்டான். எமக்கு விடைதேடும் வழியைக் காட்டியவன் அம்மாணாக்கனே. அவனுக்கு அன்று கூறமாட்டாத விடையை நும் மாணாக்கர்க்கேனும் நீவிர் கூறுவீராக.