ஒரு வாகனம், இரண்டு வேலை: ஓட்டத்துக்கும் இழுவைக்கும் ஜீப் வாங்குவோர் கவனத்திற்கு

"கடல் தந்ததை வாகனம் தின்றுவிட்டது" என்று அண்மையில் ஒரு சகோதரர் நம்மிடம் வருந்திக் கூறினார். கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி. நிலாவெளியில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் இரண்டு பைபர் படகுகளும் அவருக்குண்டு. பழைய லொறியை விற்று, குடும்பத்துக்கும் உதவும், தொழிலுக்கும் உதவும் என்று எண்ணி, ஜப்பானிலிருந்து வந்த சிறிய ஹைப்ரிட் ஜீப் ஒன்றை வாங்கினார். ஊர் வெல்டிங் கடையில் பின்னால் ஒரு கொக்கியை ஒட்டிக்கொண்டார். படகை ட்ரெய்லரில் ஏற்றி நிலாவெளிக்கும் கொட்பேக்குமாக இழுத்தார். ஐந்தாவது மாதம் கியர் பெட்டி எரிந்தது. திருத்தும் செலவு ஒரு பருவத்து இலாபத்துக்குச் சமம். உத்தரவாதமும் கிடைக்கவில்லை, காப்புறுதியும் கைகொடுக்கவில்லை.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்று கடலோர மக்களாகிய நாம்தான் பிறருக்குச் சொல்வோம். ஆனால் வாகனம் வாங்கும்போது நிறத்தையும் ஆண்டையும் விலையையும் பார்க்கும் நாம், அது எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதை மட்டும் கேட்பதில்லை. இவ்வாரம் அதைப் பாடமாகவே பார்ப்போம்.

ஏன் இந்தக் கேள்வி இப்போது?

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிண்ணியா வியாபாரி 'பாதை'க்காகக் காத்திருந்தே கடந்தார். அன்று சரக்கு சிறிய அளவில் மாறி மாறி ஏறி இறங்கியது. பாலம் வந்த பின் மூதூர், தோப்பூர், கிண்ணியா வியாபாரிகள் தமது சொந்த வாகனத்திலேயே நேரே திருகோணமலைக்கும், அங்கிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கும் போய்வருகின்றனர். யுத்தம் முடிந்த பின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் படகுச் சவாரித் தொழிலும் வளர்ந்தது. படகு, ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கட்டடப் பொருள் என்று எதையாவது பின்னால் இழுக்கும் தேவை பலருக்கு ஏற்பட்டுள்ளது.

மறுபுறம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இப்போது புதிதாக வருபவற்றுக்கும் வரி கடுமை. ஆகவே இரண்டு வாகனம் வாங்க வசதியில்லாதவர் ஒன்றிலேயே இரண்டு வேலையையும் முடிக்க நினைப்பது இயல்பு. தவறான வாகனத்தில் மாட்டிக்கொண்டால் மாற்றுவதற்கு இன்னொரு மூலதனம் இல்லை என்பதையும் அதே காரணத்தால் மறக்கலாகாது.

முதற் பாடம்: பாரத்தைக் கணக்கிடுங்கள்

வாகனத்தைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, பதினெட்டு அடி பைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகு 350 கிலோ. நாற்பது குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் 75 கிலோ. அறுபது லீற்றர் எரிபொருள் ஏறத்தாழ 45 கிலோ. வலை, நங்கூரம், கயிறு 150 கிலோ. ஐஸ் பெட்டியும் ஐஸும் 130 கிலோ. கூட்டினால் 750 கிலோ. இத்துடன் ட்ரெய்லரின் சொந்த எடை 250 கிலோவைச் சேர்த்தால் ஆயிரம் கிலோ, அதாவது ஒரு தொன். "சின்னப் படகுதானே" என்று நாம் சொல்வது இதைத்தான். உங்கள் படகின் எடை வேறாக இருக்கலாம். ஊகிக்காமல் ஒருமுறை தராசுப் பாலத்தில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் பாடம்: நான்கு எண்களைக் கேளுங்கள்

ஒன்று, பிரேக் பூட்டிய ட்ரெய்லரை எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்ற எண். இரண்டு, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கான எண். பெரிய ஜீப், கெப் வாகனங்களில் கூட இது பெரும்பாலும் 750 கிலோவைத் தாண்டாது. நம் பகுதியில் ஓடும் படகு ட்ரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. எனவே வாகனம் மூன்று தொன் இழுக்கும் என்று எழுதியிருந்தாலும், மேலே சொன்ன ஒரு தொன் படகை பிரேக் இல்லாமல் இழுப்பது எல்லை மீறலே.

மூன்று, கொக்கியின் மேல் அழுத்தும் எடை. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்களவு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதை விட மிகக் குறைந்தால் ட்ரெய்லர் பாம்பு போல் வளைந்து ஆடும். மிகக் கூடினால் வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்து, முன் சக்கரம் பிடி இழந்து, ஸ்டியரிங் இலேசாகிவிடும். நான்கு, வாகனமே சுமக்கக்கூடிய எடை. 600 கிலோ சுமக்கும் வாகனத்தில் ஐந்து பேர் 350 கிலோ, சாமான்கள் 80 கிலோ, கொக்கியில் இறங்கும் 100 கிலோ என்று சேர்த்தால் 530 ஆகிவிடும். மிச்சம் எழுபதுதான். குடும்பத்தோடு படகையும் இழுத்துக்கொண்டு, கூரையில் மூட்டையும் கட்டுபவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென உற்பத்தியாகி, பின்னர் நம் நாட்டுக்கு வரும் வாகனங்களின் கைநூலில் இழுவை எண் பெரும்பாலும் தரப்பட்டிருப்பதில்லை. "இதே மாதிரி வாகனம் ஆஸ்திரேலியாவில் இவ்வளவு இழுக்கும்" என்று விற்பவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இயந்திரம், கியர் பெட்டி, குளிரூட்டி வேறாக இருக்கலாம்.

மூன்றாம் பாடம்: எந்த வகை யாருக்கு?

சிறிய ஹைப்ரிட் ஜீப்புகள்: பட்டண ஓட்டத்துக்குச் சிக்கனமானவை. ஆனால் சிலவற்றின் கைநூலில் இழுவை வேண்டாம் என்றே எழுதியிருக்கும். பட்டி மூலம் இயங்கும் சி.வி.டி. கியர் பெட்டி தொடர்ந்த பாரத்தில் சூடேறிப் பழுதாகக்கூடியது. இழுவை வேலை உள்ளவர் இவற்றைத் தவிர்ப்பதே மேல்.

நடுத்தர ஜீப்புகள்: கார் போல ஒரே உடலாகச் செய்யப்பட்டவை. பயணம் சொகுசு. கைநூல் அனுமதித்தால் பிரேக் பூட்டிய ட்ரெய்லரில் ஒன்று, ஒன்றரை தொன் வரை இழுப்பவை இவற்றில் உண்டு. மாதம் ஓரிரு தடவை படகை நகர்த்துபவருக்குப் போதும்.

சட்டம் கொண்ட ஜீப்புகள்: அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டமும் அதன் மேல் உடலும் கொண்டவை. டொயோட்டா பிராடோ, மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் போன்றவை இவ்வகையின. ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட 2.8 லீற்றர் டீசல் பிராடோவுக்கு 3,000 கிலோவும், பஜேரோ ஸ்போர்ட்டுக்கு 3,100 கிலோவும் இழுவை எல்லையாகத் தரப்பட்டுள்ளன. பலம் உண்டு. விலையும் வரியும் எரிபொருளும் அதற்கேற்ப உண்டு. சுசுகி ஜிம்னியும் சட்டம் கொண்டதே. ஆனால் இலேசான வாகனமாகையால் அதன் எல்லை 1,300 கிலோ மட்டுமே. சட்டம் இருப்பதனால் மட்டும் பலம் வந்துவிடாது என்பதற்கு இது சான்று.

டபள் கெப்: ஹைலக்ஸ் போன்றவை. அங்கு விற்கப்படும் 2.8 லீற்றர் டீசல் நான்கு சக்கர இழுவை மாதிரிக்கு 3,500 கிலோ எல்லை. மீன் பெட்டியைத் தட்டில் ஏற்றலாம், வாடை வீட்டாருக்கு வராது. வெறும் தட்டோடு ஓடும்போது குலுக்கல் அதிகம். முதியோரையும் சிறுவரையும் ஏற்றி நீண்ட தூரம் போகிறவர் வாங்குமுன் பின் ஆசனத்தில் தாமே இருந்து பார்க்கட்டும்.

நான்காம் பாடம்: கரையில் நடப்பது வேறு

தார் வீதியில் இழுப்பதை விட, நனைந்த சரிவிலோ மணலிலோ இருந்து படகை மேலே எடுப்பதே உண்மையான சோதனை. முன் சக்கரம் மட்டும் இயங்கும் வாகனத்தில், பின்னால் பாரம் அழுத்தும்போது முன் சக்கரம் இலேசாகி அதே இடத்தில் சுற்றும். பின் சக்கரம் அல்லது நான்கு சக்கரமும் இயங்கும் வாகனமே இதற்குப் பொருத்தம். 'லோ' கியர் இருப்பின் கிளட்ச்சும் கியர் பெட்டியும் பிழைக்கும். எங்கள் மீனவர்கள் பலர் இந்த வேலைக்கு உழவு இயந்திரத்தையே அழைக்கின்றனர். அது அனுபவம் கற்றுத்தந்த புத்தி.

உப்பு நீர் அடுத்த எதிரி. ஓடி வந்த சூட்டோடு ட்ரெய்லரைக் கடலில் இறக்கினால், சக்கரக் குடத்தினுள் உள்ள காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி உப்பு நீரை உள்ளே இழுக்கும். பெயாரிங் துருப்பிடித்து நடுவழியில் சக்கரம் கழன்றோடுவது இதனால்தான். சூடு தணியும் வரை பொறுத்திருங்கள். விளக்கு இணைப்பைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரால் ட்ரெய்லரையும் வாகனத்தின் அடிப்பகுதியையும் கழுவுங்கள். பெயாரிங்குக்குக் கிரீஸ் போடுவதைப் பின்போடாதீர்கள். வாகனத்தின் பின் அச்சு நீரில் மூழ்கும் வரை பின்னே போகவே கூடாது.

ஐந்தாம் பாடம்: நிறுத்துவதை முதலில் யோசியுங்கள்

இழுக்கும் பலத்தைப் பற்றிப் பேசுவோர் நிறுத்தும் பலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 70க்கு வேகம் கூடினால், பிரேக் அடக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகும். 70இல் போகும்போது ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடந்துவிடுவீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வருவது நாம் அறிந்ததே. பின்னால் ஒரு தொன் தள்ளிக்கொண்டிருக்க, முன்னால் யானை நின்றால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ட்ரெய்லரோடு அவ்வழியே பகலில், மெதுவாகப் போவதே அறிவு. ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை வெட்டாமலும், பிரேக்கை அடித்து மிதிக்காமலும், எக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

ஆறாம் பாடம்: பத்திரங்கள்

ட்ரெய்லரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டியது. அதற்கும் இலக்கத் தகடும் பின் விளக்கும் வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு எந்த எடையுள்ள ட்ரெய்லரை அனுமதிக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள். இழுவைக்குப் பயன்படுத்துவதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, எழுத்திலேயே பதில் பெறுங்கள். விபத்து நடந்த பின் சொல்வது பயன் தராது.

லீசிங்கிலோ இஜாரா முறையிலோ வாங்குவோருக்கு இன்னொரு விடயம். இஜாராவில் வாகனம் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் வாடகைக்கு எடுத்தவர். பிறர் பொருள் நம் கையில் அமானிதம். அதன் சட்டத்தில் துளையிட்டுக் கொக்கி பூட்டுமுன் அனுமதி கேட்பது ஒப்பந்தத்தின்படியும் கடமை, நாணயத்தின்படியும் கடமை.

ஏழாம் பாடம்: பழையது வாங்கும்போது

நம் பிரதேசத்தில் ஓடிய வாகனமாயின் அடியில் படுத்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் சந்தேகியுங்கள். சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஓட்டோ கியர் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் விட்டுவிடுங்கள். முன்பு கொக்கி பூட்டிக் கழற்றிய துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் ஓட்டி, இடையில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு

வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடுபவர் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 1,250 லீற்றர் தேவை. 8 கிலோமீற்றர் ஓடும் பெரிய ஜீப்புக்கு 1,875 லீற்றர். வித்தியாசம் 625 லீற்றர். இதை அன்றைய எரிபொருள் விலையால் பெருக்குங்கள். வாங்கும் விலையில் உள்ள வித்தியாசத்தையும் டயர், சேவிஸ் செலவையும் சேருங்கள். இனி, வருடத்தில் எத்தனை நாள் உண்மையாக இழுக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் கடலில் படகுத் தொழில் எப்படியும் சுருங்கிவிடும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, திருத்தத்துக்கு இரண்டு மூன்று தடவை என்றால், அந்த நாட்களுக்கு லொறியோ உழவு இயந்திரமோ வாடகைக்குப் பிடித்துவிட்டு, வீட்டுக்குச் சிக்கனமான கார் ஒன்றை வைத்திருப்பதே இலாபம். வாரந்தோறும் இழுப்பவர் மட்டும் கெப்போ பெரிய ஜீப்போ வாங்கட்டும்.

மேலே சொன்ன சகோதரர் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவர் படகை இழுத்தது வருடத்தில் பதினான்கு நாட்கள்தான். ஜீப்பைத் திருத்தி, கொக்கியைக் கழற்றிவிட்டார். இப்போது குடும்பம் அதில் போகிறது. படகுக்கு உழவு இயந்திரம் வருகிறது. "வாங்குமுன் ஒரு தாளும் பேனையும் எடுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்" என்கிறார். அந்தத் தாளையும் பேனையையும் நீங்கள் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.