பசித்தது யாருக்கு?

ஜாவா படிக்கும் நம் எல்லோருக்கும் 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்ற சிவப்பு வரி ஒருநாள் வந்தே தீரும். எங்களுக்கு அது புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல்நாள் மாலை வந்தது.

பழைய நூலகப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, திரையில் பக்கம் பக்கமாகக் காட்டுவதுதான் எங்கள் புராஜெக்ட். மொத்தம் 600 பக்கம். 38 வரை ஒழுங்காக ஓடும், அப்புறம் படுத்துவிடும். உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? எக்லிப்ஸ் ஃபோல்டரில் உள்ள ஐ.என்.ஐ. ஃபைலைத் திறந்து, எக்ஸ்எம்எக்ஸ் வரியில் இருந்த 2048-ஐ 3072 ஆக்கினேன். பலன்? அதே 38-இல் நின்றது.

எக்லிப்ஸும் ஒரு ஜாவா புரோகிராம்தான். அதற்குள்ளிருந்து நாம் ரன் செய்வது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஜே.வி.எம்., தனித்தனி ஹீப். எக்லிப்ஸுக்கே இடம் போதாவிட்டால் அதுவே ஒரு பெட்டியைத் திறந்து, மூடிவிடவா என்று கேட்கும். கன்சோலில் சிவப்பாக வந்தால் பசி நம் புரோகிராமுக்கு. நானோ பாயசத்தைப் பக்கத்து இலையில் ஊற்றியிருக்கிறேன்!

நம் புரோகிராமுக்கு இடம் கேட்கவேண்டியது ரன் கான்ஃபிகரேஷன்ஸில், வி.எம். ஆர்கியூமென்ட்ஸ் கட்டத்தில். ஒன்றும் எழுதாவிட்டால் ராமில் கால்பங்குதான் உச்சவரம்பு. எங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி.; ஆக 1 ஜி.பி. அதை 2 ஆக்கினேன். இப்போது 77-இல் நின்றது.

"டேய், இந்தக் கணக்குக்கு 600 பக்கம் ஓட எவ்வளவு ராம் வேணும்?" என்றான் பார்ட்னர்.

பென்சிலை எடுத்தோம். ஏ4 தாள், 300 டி.பி.ஐ. 2480-ஐ 3508-ஆல் பெருக்கினால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். டிஸ்க்கில் 1 எம்.பி.யாகச் சுருண்டு கிடக்கும் ஜேபெக், மெமரியில் விரிந்தால் ஏறத்தாழ 25 எம்.பி.! 600 பக்கத்துக்கு 15 ஜி.பி. எங்கே போக?

குற்றவாளி நான்தான். திறந்த படத்தையெல்லாம் ஒரு ஸ்டேட்டிக் அரேலிஸ்டில் சேர்த்துக்கொண்டே போயிருந்தேன். லிஸ்ட் பிடித்துக்கொண்டிருப்பதைக் கார்பேஜ் கலெக்டர் தொடாது. அது குப்பை என்று அதற்கு எப்படித் தெரியும்? (யார் பிடித்திருக்கிறார் என்று பிடிபடாதவர்கள் ஹீப் டம்ப் எடுத்து மெமரி அனலைசரில் பார்க்கலாம். எங்களுக்குப் பென்சிலே போதுமாயிருந்தது.)

லிஸ்டில் ஃபைல் பெயரை மட்டும் வைத்தோம். பார்க்கும் பக்கத்தை மட்டும் அப்போதைக்கப்போது திறக்கும்படி நாலு வரி மாற்றினோம். கூட்டிய எண்களையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டு ஓடவிட்டோம். 600-ஆவது பக்கம் திரையில் வந்தபோது, லேப் அட்டெண்டர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார்.