பேசிவைத்த ஆட்டத்துக்கு அரசாங்கப் பட்டமா?

கேள்வி: பள்ளிக்கூட நாளிலிருந்தே டபிள்யூ.டபிள்யூ.இ. பார்க்கிறேன் ஐயா. ரே மிஸ்டீரியோ, எட்டி கெரேரோ என்றால் உயிர். முடிவெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்ததுதான் என்று தெரிந்த பிறகும் விட முடியவில்லை. மெக்சிகோவில் மல்யுத்தத்துக்கு 'தேசியச் சாம்பியன்' என்றொரு பட்டம் உண்டு, அதைக் கொடுப்பது கம்பெனி இல்லை, அரசாங்கம்தான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவான ஆட்டத்துக்கு அரசாங்கம் எப்படிப் பட்டம் கொடுக்கும்? அந்தப் பட்டத்தின் கதை என்ன?
- வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மெக்சிகோ தேசியப் பட்டங்கள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அவை மெக்சிகோ நகர நிர்வாகத்தின் கீழ் இயங்கும் குத்துச்சண்டை, மல்யுத்த ஆணையத்தின் பெயரில் இருப்பவை. கம்பெனி அவற்றை நடத்துகிறது, அவ்வளவுதான். மீதிக் கால்வாசி என்னவென்றால், ஜெயிப்பவர் யார் என்று ஆணையம் தீர்மானிப்பதில்லை. அது கம்பெனியின் வேலை.

இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்த 1920களில் மெக்சிகோ நகரில் ஓர் ஆணையம் உருவானது. மல்யுத்தமும் அதன் பொறுப்பில் வந்தது. தொழில்முறை மல்யுத்த வீரராக வேண்டுமென்றால் ஆணையத்தின் தேர்வில் தேற வேண்டும். உரிமம் இல்லாமல் வளையத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆட்டத்தின் முடிவு பேசிவைத்ததா இல்லையா என்பதெல்லாம் ஆணையத்தின் கவலை இல்லை. எடை, உரிமம், விதிகள், பாதுகாப்பு இவைதான் அதன் கவலை. நடிப்புக்கு நம் அரசாங்கம் தேசிய விருது கொடுப்பதை நாம் விசித்திரமாக நினைப்பதில்லையே. இதையும் அப்படிப் பாருங்கள்.

தேசியப் பட்டங்களில் மூத்தது ஹெவிவெயிட். அதன் வேர் 1926 வரை போகிறது. ஆனால் பட்டத்துக்கு உயிர் வந்தது சால்வடோர் லுத்தெரோத் என்ற மனிதரால். புரட்சிப் படையில் இருந்தவர், பிறகு வரித்துறையில் வேலை பார்த்தவர். அமெரிக்க எல்லையோரம் எல் பாசோவில் மல்யுத்தம் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். 1933 செப்டம்பர் 21 அன்று மெக்சிகோ நகரில் சொந்தக் கம்பெனியின் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். அதே கம்பெனி இன்று சி.எம்.எல்.எல். என்ற பெயரில் நடக்கிறது. உலகில் இன்னும் இயங்கும் மல்யுத்தக் கம்பெனிகளில் இதுவே பழையது. அடுத்த சில ஆண்டுகளில் வெல்டர்வெயிட், மிடில்வெயிட் என எடைவாரியாகத் தேசியப் பட்டங்கள் வரிசைகட்டி வந்தன. மிடில்வெயிட் பட்டியலில் முதல் பெயர் யாக்கி ஜோ.

எடைப் பிரிவுகள்தான் மெக்சிகோவின் தனித்தன்மை. அமெரிக்காவில் மலைபோன்ற ஆட்கள்தான் சாம்பியன். மெக்சிகோவிலோ எழுபத்தைந்து கிலோ ஆளுக்கும் நாடறிந்த பட்டம் கிடைத்தது. 70 முதல் 77 கிலோ வரை வெல்டர்வெயிட், 82 முதல் 87 வரை மிடில்வெயிட் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஏட்டில் மட்டும்தான், தராசைப் பற்றிப் பலரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் ரே மிஸ்டீரியோ போன்ற சின்ன உடம்புக்காரர்கள் கயிற்றிலிருந்து பறந்து வரும் ஆட்டம், சின்ன உடம்பைக் கேலி செய்யாத இந்த மண்ணில் வளர்ந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். தேசியப் பட்டத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: மெக்சிகோக்காரர்கள் மட்டுமே அதற்கு மோதலாம்.

எல் சாண்டோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளி முகமூடிக்காரர், பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். 1942-இல் அந்த முகமூடியோடு இறங்கியவர், 1943 பிப்ரவரியில் சிக்லோன் வெலோஸ் என்பவரை வீழ்த்தித் தேசிய வெல்டர்வெயிட் சாம்பியனானார். அப்போது அவர் வில்லன் கட்சி. ரூடோ என்பார்கள். விதியை மீறுவது, நடுவரை ஏமாற்றுவது, முகத்தில் குத்துவது எல்லாம் ரூடோ பாணி. நேர்மையாக ஆடுபவர் டெக்னிகோ. மக்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய சாண்டோ, டெக்னிகோ பக்கம் முழுதாக வந்தது 1962-இல்தான். அவருக்கு மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட் தேசியப் பட்டங்களும் பின்னாளில் வந்தன.

பட்டத்துக்கான ஆட்டம் வழக்கமான ஆட்டம் போல இருக்காது. இருவர் மட்டும் மோதுவார்கள். மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூலையில் ஒரு உதவியாளர். ஆணையத்தின் பிரதிநிதி வந்து பெல்ட்டைக் காட்டுவார். பரம ரூடோகூட அன்றைக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு ஒழுங்காக ஆடுவார் என்பது மரபு. முதல் சுற்றில் கையைப் பிடித்து முறுக்குவது, அதிலிருந்து நழுவி எதிராளியின் காலை மடக்குவது, அவர் அதிலிருந்து புரண்டு எழுவது என்று பிடிக்குப் பிடி நகரும். எதிராளியின் முகமூடியைப் பிடுங்கினால் அந்தச் சுற்று போச்சு. தலையைத் தரையில் இறக்கும் 'மார்ட்டினெட்டே'வைச் செய்தாலும் அதே கதி. டபிள்யூ.டபிள்யூ.இ. பழக்கத்தில் பார்ப்பவர்களுக்கு முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் ருசி.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவில் பெல்ட் இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு முகமூடி. பந்தய ஆட்டத்தில் தோற்றவர் முகமூடியைக் கழற்றி, சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். பிறகு அதை மீண்டும் போட முடியாது. 1952 நவம்பர் 7 அன்று சாண்டோவிடம் முகமூடியை இழந்தார் பிளாக் ஷேடோ. அலெஹாண்ட்ரோ குரூஸ் என்பது அவர் பெயர் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அவருடைய கூட்டாளி ப்ளூ டீமன் பழிவாங்கப் புறப்பட்டார். 1953-இல் சாண்டோவிடமிருந்த உலக வெல்டர்வெயிட் பெல்ட்டையே பறித்தார். கணக்கு தீர்ந்ததா? இல்லை. சாண்டோவின் முகமூடி முகத்திலேயே இருந்தது. பெல்ட்டை மறுபடி ஜெயிக்கலாம், முகத்தை மறுபடி மறைக்க முடியாது. அதனால்தான் எத்தனை பேர் எத்தனை முறை தேசியச் சாம்பியன் ஆனார்கள் என்பதைவிட, யார் யாருடைய முகமூடியைக் கழற்றினார்கள் என்பதை அந்த ஊர் ரசிகர்கள் விரல்விட்டுச் சொல்கிறார்கள்.

தேசியப் பட்டங்களில் என்னை உறுத்துவது பெண்களுடையது. 1950களில் உருவான பட்டம் அது. அதே 1950களில் மெக்சிகோ நகர நிர்வாகம் பெண்கள் மல்யுத்தத்தைத் தடை செய்தது. தடை 1986 வரை நீடித்தது. நாட்டின் சாம்பியன், நாட்டின் தலைநகரில் ஆடக் கூடாது! இர்மா கொன்சாலெஸ் போன்றவர்கள் வெளியூர் அரங்குகளில் ஆடியே பெயர் வாங்கினார்கள். இர்மா, சாண்டோவிடம் அனுமதி கேட்டு, 'சாண்டோவின் காதலி' என்ற பெயரில் முகமூடி அணிந்தும் ஆடியவர். பட்டத்துக்கு அரசாங்க முத்திரை இருப்பதைப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்த முப்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பிற்காலக் கதை பங்காளிச் சண்டை. 1975-இல் ரே மெண்டோசா முதலானோர் லுத்தெரோத் கம்பெனியிலிருந்து பிரிந்துபோய் யு.டபிள்யூ.ஏ. என்ற கம்பெனி தொடங்கினார்கள். 1985-இல் மூவர் அணிக்கும் ஒரு தேசியப் பட்டம் வந்தது. மூன்றுக்கு மூன்று ஆட்டமே மெக்சிகோவில் அன்றாடச் சாப்பாடு என்பதால் அது தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம். 1991-இல் சி.எம்.எல்.எல். தன் பெயரிலேயே 'உலக' ஹெவிவெயிட் பட்டம் அறிவித்தது. கோன்னன் அதன் முதல் சாம்பியன். அடுத்த ஆண்டே கம்பெனியின் மூளையாக இருந்த அந்தோனியோ பேன்யா, வீரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி ஏ.ஏ.ஏ. தொடங்கினார். தேசியச் சாம்பியன்கள் சிலரும் அவரோடு போனார்கள். இங்கேதான் பட்டம் யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது: ஆணையம் சம்மதிக்க, பட்டங்களும் கூடவே போயின. கம்பெனியின் சொத்தாக இருந்திருந்தால் பெல்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் வந்த வீட்டில் அவற்றுக்கு மரியாதை நிலைக்கவில்லை. ஏ.ஏ.ஏ. பிற்பாடு சொந்தப் பட்டங்களை உண்டாக்கிக்கொண்டு தேசியப் பட்டங்களைக் கைகழுவியது. சி.எம்.எல்.எல்.லிலும் 'உலக'ப் பட்டத்துக்கு முன்னால் 'தேசிய' என்பது ஒரு படி கீழேதான். என் கணக்கில் இது தலைகீழ். 'உலக' பெல்ட் கம்பெனி தானே செய்து தானே கட்டிவிடுவது. தேசியப் பட்டத்துக்குத்தான் தொண்ணூறு ஆண்டுப் பாரம்பரியமும் வெளியாள் கண்காணிப்பும் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றோடு முடிக்கிறேன். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சாண்டோஸ் எஸ்கோபார் என்று பார்க்கிறீர்களே, அவருடைய அப்பா எல் ஃபான்டஸ்மா பழைய முகமூடி வீரர். அவரே மெக்சிகோ நகர மல்யுத்த ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். மகனோ எல் ஹீஹோ டெல் ஃபான்டஸ்மா என்ற பெயரில் ஆடி, 2018-இல் முகமூடியைத் தோற்று, பிறகு அமெரிக்கா போனார்.

சி.எம்.எல்.எல்.லின் முக்கிய நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு, அரேனா மெக்சிகோவில். நமக்கு அது சனிக்கிழமை காலை எட்டு மணி. தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் அறிவிக்கப்பட்டிருக்கும் வாரமாகப் பார்த்து உட்காருங்கள், நண்பரையும் கூப்பிடுங்கள்.