காசு கொடுத்து எதைக் கற்கலாம்?

சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, கிளாசுக்குப் போகணுமா, வீட்டிலிருந்தே படிச்சிரலாமா?" எங்கள் சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் டவுன் பஸ் தூரம்தான். போய்வருவது சிரமமில்லை, எதற்காகப் போகிறோம் என்பதில்தான் தெளிவு வேண்டும். நான் பெரும்பகுதியை வீட்டிலேயே படித்துவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் நாகர்கோவிலில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

வீட்டில் முடிவது

பாடத்திட்டத்தை சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. ஆறு பகுதிகள், ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம். படிக்கும் நேரத்தையும் அதே கணக்கில் பிரியுங்கள். சப்நெட்டிங்குக்கு வாத்தியார் தேவையில்லை. /26 என்றால் 64 முகவரிகள், கருவிகளுக்குக் கிடைப்பது 62 என்று கை தானாக எழுதும்வரை போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வர முடியாது. ஆகவே வேகமும் பாடத்தில் சேர்த்திதான்.

லேபுக்கு பாக்கெட் டிரேசர் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். கட்டளைகளை காப்பி பேஸ்ட் செய்யாமல் ஒவ்வொன்றாக டைப் அடியுங்கள்.

வகுப்பில் வாங்க வேண்டியது

வீட்டு லேபில் ஒரு குறை உண்டு. கோளாறை வைப்பதும் நாம், கண்டுபிடிப்பதும் நாம். எங்கள் சார் நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஸ்விட்சில் எதையாவது மாற்றி வைத்துவிடுவார். ஒருநாள் விலேன் 10 முழுக்கச் செத்துக் கிடந்தது. டிரங்கில் விலேன் 20-ஐ அனுமதிக்கும் கட்டளையில் 'ஆட்' என்ற சொல்லை விட்டிருந்தார். பழைய பட்டியல் அழிந்து 20 மட்டும் நின்றுவிட்டது. இன்னொரு நாள் இரண்டு ரவுட்டர்களுக்கும் ஓஎஸ்பிஎஃப் உறவு பிடிக்கவில்லை. ஒரு பக்கம் ஹலோ டைமர் வேறு. நாங்கள் கான்ஃபிக்கை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தால், "முதல்ல கேபிளைப் பாரு மக்கா, அப்புறம் கான்ஃபிக்" என்பார். கீழிருந்து மேலே தேடும் அந்த ஒழுங்குதான் வேலையில் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். ஸ்லைடு வாசித்துக் காட்டுவதற்கு அல்ல.

சேருமுன் பார்க்க வேண்டியவை

* ஒரு வகுப்பில் சும்மா உட்காரக் கேளுங்கள். கீபோர்டில் இருப்பது மாணவன் கையா, வாத்தியார் கையா என்று பாருங்கள்.
* நிஜ ஸ்விட்ச் இருக்கிறதா, ஒருவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள்.
* "பாஸ் நிச்சயம்" என்று டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) தருகிற இடத்தில் நிற்காதீர்கள். டம்ப்ஸ் தேர்வு விதிக்கே விரோதம். பிடிபட்டால் சான்றிதழே போகும். பிடிபடாவிட்டாலும், "பிங் போகவில்லை, முதலில் என்ன பார்ப்பாய்?" என்ற நேர்காணல் கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

தேதி

தனியாகப் படிப்பவர்களைக் கவிழ்ப்பது பாடமல்ல, தேதி இல்லாமைதான். கட்டணம் 300 டாலர், வரி தனி. பாதிப் பாடம் முடிந்ததும் தேதியைப் பதிந்துவிடுங்கள். வீட்டிலிருந்தே எழுதுவதானால் மேசை காலியாக இருக்க வேண்டும், அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. எங்கள் ஊர் மார்கழித் திருவிழா நாட்களில் கோயில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து எழுத நினைக்க வேண்டாம். மைக் செட் சத்தம் யார் சொன்னாலும் நிற்காது. தேர்வு மையமே நல்லது.

கிளாசா வீடா என்று இன்னும் குழப்பமா? விலேன் பாடத்தை மட்டும் எடுத்து இரண்டு வாரம் தனியாகப் படியுங்கள். தினமும் உட்கார முடிந்தால் முக்கால்வாசியை வீட்டிலேயே முடித்துவிட்டு, கோளாறு தேடப் பழகுவதற்கு மட்டும் காசு செலவழியுங்கள். மூன்றாம் நாளே புத்தகத்தை மூடிவிட்டீர்களென்றால், முதல் நாளிலிருந்தே வகுப்பில் சேருங்கள். அந்தக் காசு வீண் போகாது.